நடத்துநர் பையிலிருந்து எடுத்த கடன்

அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்தவர் ஓய்வு பெறும் நாள் எப்படி இருக்கும் என்று காட்டுமன்னார்கோயில் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பணிமனையில் மாலை போடுவார்கள், சால்வை போர்த்துவார்கள், சங்கத்துக்காரர்கள் நாலு வார்த்தை பேசுவார்கள், கூட வேலை பார்த்தவர்கள் வீடு வரைக்கும் வந்து விட்டுப் போவார்கள். பணம் மட்டும் கைக்கு வராது. பி.எஃப், பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், கம்யூடேஷன் எல்லாம் "வரும்" என்பார்கள். எப்போது என்று கேட்டால் பதில் இருக்காது. 2025 ஆகஸ்டில் சிஐடியு சங்கத்தினர் காத்திருப்புப் போராட்டத்தில் உட்கார்ந்தபோது, 2023 ஜூலைக்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு இன்னும் பணப்பலன் வந்து சேரவில்லை என்பதுதான் முதல் கோரிக்கைகளில் ஒன்று. கணக்குப் பார்த்தால் இரண்டு வருஷம். அந்தப் பணத்தை நம்பி மகள் கல்யாணத்துக்குத் தேதி குறித்தவரும், வீட்டுக்குத் தளம் போட ஆரம்பித்தவரும் அந்த இரண்டு வருஷத்தை வட்டிக்கு வாங்கித்தான் ஓட்ட வேண்டும்.

பக்கத்துத் தெருவில் ஒரு வாத்தியாரும் அதே மாதம் ஓய்வு பெற்றிருப்பார். 2003-க்கு முன்னால் பணியில் சேர்ந்தவர் என்றால் அவருக்குப் பென்ஷன் கருவூலத்திலிருந்து மாதாமாதம் வங்கிக்கு வந்துவிடும். ஜனவரிக்கு ஒரு தரம், ஜூலைக்கு ஒரு தரம் அகவிலைப்படி ஏறும். இரண்டு பேரும் உழைத்தது அரசாங்கத்துக்குத்தான். ஒருவர் அரசு ஊழியர், மற்றவர் அரசு நடத்தும் கம்பெனியின் ஊழியர். லால்பேட்டையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஒருவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. அவரைப் பொறுத்தவரை அது கவர்ன்மென்ட் பஸ், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த வித்தியாசம் ஒரு குடும்பத்தின் தலையில் வந்து விழுகிறது.

கடலூர் மாவட்டத்து அரசு பஸ்கள் விழுப்புரம் கோட்டத்தைச் சேர்ந்தவை. 1975-ல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்ற பெயரில் தொடங்கியது இது. 1997-ல் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்தபோது, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. அதுவரை ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் ஓய்வுக்குப் பிறகு மாதப் பென்ஷன் என்று ஒன்று கிடையாது, பி.எஃப் பணமும் பணிக்கொடையும்தான். தொழிற்சங்கங்கள் பல வருஷம் கேட்டு வாங்கிய ஓய்வூதியத் திட்டம் 1998 செப்டம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கென்று தனியாக ஓர் அறக்கட்டளை. தொழிலாளியின் பி.எஃப் கணக்கில் நிர்வாகம் தன் பங்காகப் போட வேண்டிய தொகை அந்த அறக்கட்டளைக்குப் போகும், அங்கே பெருகும், அதிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குப் பென்ஷன் வரும். ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மாதாமாதம் அந்தத் தொகை போய்ச் சேர்ந்திருந்தால்.

போய்ச் சேரவில்லை. டீசலுக்குப் போனது, டயருக்குப் போனது, உதிரிபாகத்துக்குப் போனது, அந்த மாதத்துச் சம்பளத்துக்கே போனது. நிர்வாகத்தின் பங்கு மட்டுமில்லை, தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடித்த பி.எஃப், எல்.ஐ.சி பிரீமியம், கூட்டுறவுச் சங்கத் தவணை வரைக்கும் உரிய இடத்துக்குக் கட்டாமல் செலவழித்தார்கள் என்று சங்கங்கள் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தன. 2018 ஜனவரி வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்களுக்குச் சேர வேண்டிய நிலுவை 7,000 கோடி ரூபாய் என்றார்கள்.

இதற்குக் காரணம் யாரோ ஒரு அதிகாரியின் கெட்ட புத்தி என்று முடித்துவிட முடியாது. 2011 நவம்பரில் பஸ் கட்டணம் உயர்ந்தது. அடுத்த உயர்வு 2018 ஜனவரியில். ஜனங்கள் கொதித்ததும் பத்தே நாளில் அதில் ஒரு பகுதியைக் குறைத்தார்கள். அதன் பிறகு டீசல் விலை லிட்டருக்கு 90 ரூபாயைத் தாண்டியும் சாதாரண பஸ் கட்டணத்தில் கை வைக்க எந்த அரசும் துணியவில்லை. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நஷ்டம் என்று கணக்குச் சொன்னது. காட்டுமன்னார்கோயிலில் கிளம்பிக் குமராட்சி வழியாகச் சிதம்பரம் போய்ச் சேரும் பஸ் சுமார் 25 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்தக் கணக்குப்படி ஒரு நடைக்குக் கிட்டத்தட்ட 1,500 ரூபாய் துண்டு விழும்.

அந்தத் துண்டை யாராவது கொடுத்துத்தானே ஆக வேண்டும்? கட்டணம் உயரவில்லை, அரசு கொடுத்த மானியம் போதவில்லை, வங்கிக் கடனுக்கு ஓர் எல்லை உண்டு. மிச்சம் இருந்தது, பஸ்ஸுக்குள்ளேயே தோளில் பையை மாட்டிக்கொண்டு நின்ற மனிதரின் வயதான காலத்துப் பணம். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை, தவணைத் தேதியும் இல்லை. இப்படி ஒரு கடன் ஊர் உலகத்தில் வேறு யாருக்கும் கிடைக்காது. பொதுத்துறை ஊழியர்களின் பென்ஷனுக்குப் பணம் ஒதுக்காமல் விடுவதை "நிதிச்சுமை", "பற்றாக்குறை" என்று நிதித்துறை மொழியில் சொல்லும்போது, நடந்தது என்ன என்பதே மறைந்துபோகிறது. கடன் வாங்கியிருக்கிறார்கள். கொடுத்தவருக்குச் சொல்லாமல் வாங்கியிருக்கிறார்கள்.

மலிவான டிக்கெட் வேண்டாம் என்று இங்கே யாரும் வாதாடவில்லை. 2021 மே மாதம் முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் என்று வந்தது நல்ல திட்டம். வயலுக்கும் கடைக்கும் கல்லூரிக்கும் போகிற பெண்கள் மாதம் மிச்சம் பிடிக்கிற பணம் குடும்பத்தில் கண்கூடாகத் தெரிகிறது. அதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அந்தச் செலவை அரசு பட்ஜெட்டிலேயே எழுதிக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் அதற்கு 3,600 கோடி ரூபாய். ஆக, மலிவுக் கட்டணத்தின் விலையை வெளிப்படையாக எழுதி, வரிப்பணத்திலிருந்து எடுத்துக் கொடுக்க முடியும். அதைச் செய்யாமல் விட்ட வருஷங்களுக்குத்தான் ஓய்வூதியர்கள் பணம் கட்டினார்கள்.

2017 மே மாதம் ஒரு வேலைநிறுத்தம். 2018 ஜனவரி 4 முதல் 11 வரை இன்னொன்று. பொங்கல் நெருங்கும் நேரத்தில் மாநிலமே ஸ்தம்பித்தது. அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, ஓய்வு பெற்றவர்களின் நிலுவைக்கு 750 கோடி ரூபாயைப் பொங்கலுக்கு முன்பே கொடுப்பதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஊதியப் பிரச்சினையை விசாரிக்க ஓய்வு பெற்ற நீதிபதி இ. பத்மநாபனை உயர் நீதிமன்றம் மத்தியஸ்தராக நியமித்தது. பணம் வந்தது, ஒரு தொகுதியினருக்குக் கொடுத்தார்கள். அடுத்து ஓய்வு பெற்றவர்கள் மறுபடியும் வரிசையில் நின்றார்கள். இதே வட்டம்தான் இன்றுவரை சுற்றுகிறது: ஆண்டுக்கணக்கில் தேக்கம், ஒரு போராட்டம், ஒரு அறிவிப்பு, ஒரு தொகை, மறுபடியும் தேக்கம்.

பணப்பலன் தாமதமானாலும் ஒருநாள் கைக்கு வந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பஞ்சப்படி, அதாவது அகவிலைப்படி, விஷயம் அப்படியில்லை. போக்குவரத்து ஓய்வூதியர்களுக்கு 2015-ன் கடைசியோடு பஞ்சப்படி உயர்வு நின்றுபோனது. ஒரு சாதாரணக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடிப்படைப் பென்ஷன் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2016-ல் பூஜ்யத்திலிருந்து தொடங்கிய அரசு அகவிலைப்படி 2024 ஜனவரியில் 50 சதவீதத்தைத் தொட்டது. கருவூலத்தில் வாங்குகிறவர் கையில் 15,000 ரூபாய். உயர்வு நின்றுபோனவர் கையில் அதே 10,000. மாதம் 5,000 ரூபாய் வித்தியாசம், வருஷத்துக்கு 60,000. அரிசி விலையும் கேஸ் விலையும் மருந்து விலையும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். இடையில் அவர் காலமாகிவிட்டால், அவருடைய மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் இந்தத் தேய்ந்த தொகையிலிருந்துதான் இன்னும் குறையும். உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், சாதகமாகத் தீர்ப்புகளும் வாங்கினார்கள். தீர்ப்பு வந்த பிறகு மேல்முறையீடு. எழுபது வயதைக் கடந்தவர்கள் மேல்முறையீட்டின் முடிவுக்குக் காத்திருந்தார்கள். பலர் முடிவைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்கள் என்று ஓய்வூதியர் சங்கக் கூட்டங்களில் சொல்லும்போது குரல் உடைகிறது.

2024 ஜனவரி 9-ல் மறுபடியும் வேலைநிறுத்தம் வந்தபோது, பணியில் இருக்கிற தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் முக்கியமானது ஓய்வு பெற்றவர்களின் பஞ்சப்படி. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். தன் சம்பள உயர்வுக்காகப் போராடுவது யாருக்கும் இயல்பு. வீட்டில் உட்கார்ந்திருக்கும் கிழவருக்காக ஸ்டீரிங்கை விட்டு இறங்குவது அப்படியல்ல. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஜனவரி மாதத்துப் பஞ்சப்படியை மட்டுமாவது கொடுக்க என்ன தடை என்று நீதிபதிகள் கேட்டார்கள். அரசு தரப்பில் ஒப்புக்கொள்ளவில்லை. பண்டிகை நேரம் என்பதால் நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி மறுநாளே வேலைநிறுத்தத்தைத் தள்ளிவைத்தார்கள். அதன் பிறகு உயர்வு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. விட்டுப்போன வருஷங்களின் நிலுவை கோரிக்கைப் பட்டியலிலேயே நின்றது.

ஓய்வு பெறும் வயதை உயர்த்தியதையும் இங்கேதான் சொல்ல வேண்டும். 2020 மே மாதம் 58 என்பது 59 ஆனது. 2021 பிப்ரவரியில் 60 ஆனது. கொரோனா காலத்தில் கஜானா காய்ந்து கிடந்தபோது, அந்த இரண்டு வருஷமும் ஓய்வு பெற வேண்டியவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணம் அப்படியே தள்ளிப்போனது. தள்ளிப்போனதே தவிர, குறையவில்லை. 2022 மே மாதத்திலிருந்து ஓய்வு பெறுகிறவர்கள் வரத் தொடங்கினார்கள்.

இனி ஆஸ்பத்திரி. அரசு ஓய்வூதியர்களுக்கு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2022 ஜூலை முதல் மாதம் 497 ரூபாய் பென்ஷனில் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் 350 ரூபாய் பிடித்தார்கள். அதிலும் ஆயிரம் சிக்கல்: பணமில்லாச் சிகிச்சை என்பார்கள், ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்பார்கள், பிறகு ரசீதுகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். ஆனாலும் பிடித்துக்கொள்ள ஒரு கிளை இருக்கிறது. போக்குவரத்து ஓய்வூதியர்களின் கோரிக்கைப் பட்டியலில் மருத்துவக் காப்பீடு பல வருஷமாக ஒரு வரியாக நிற்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாமே என்றால், அதற்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் பத்தாயிரத்துக்கு நூறு ரூபாய் கூடுதலாகப் பென்ஷன் வாங்கினாலும் கணக்கு எல்லை தாண்டிவிடும். கவுரவமாக வாழப் போதாத தொகை, இலவசச் சிகிச்சைக்கு மட்டும் அதிகப்படியான தொகை. ஓட்டுநர் வேலை இடுப்பையும் முதுகையும் முட்டியையும் தின்றுவிடும் வேலை; எஞ்சின் சூட்டில் முப்பது வருஷம் உட்கார்ந்தவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடவே வந்துவிடும். நெஞ்சு வலி என்றால் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி, அங்கே முடியாவிட்டால் புதுச்சேரி ஜிப்மர். ஜிப்மர் மட்டும் இல்லையென்றால் இந்த வட்டாரத்து வயதானவர்கள் பாடு இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி என்றதும், அது எப்படி அரசுக் கல்லூரி ஆனது என்ற கதை வந்து நிற்கிறது. ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்தது அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பகுதி. 1929-ல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் 2012 கடைசியில் சம்பளம் கொடுக்கவே திணறியது. சம்பளத்தைக் குறைக்கப் போவதாகச் செய்தி வந்ததும் ஊழியர்கள் திரண்டார்கள். 2013 ஏப்ரலில் அரசு நியமித்த நிர்வாகியாக சிவ்தாஸ் மீனா வந்தார். அதே வருஷம் சட்டம் இயற்றி அரசு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டது. தேவைக்கு மேல் பல மடங்கு ஆள் எடுத்திருந்தார்கள். வேலைக்காகத் தங்கள் சேமிப்பையெல்லாம் கொட்டியவர்களின் கதைகள் சிதம்பரத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. உபரி ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் மற்ற அரசுத் துறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் போனார்கள். தொலைதூரக் கல்வி என்ற பெரிய வருமானமும் ஒடுங்கியது. அந்தப் படிப்புகளுக்கு 2015-க்குப் பிறகு அங்கீகாரம் இல்லை என்று யுஜிசி 2022-ல் பொது அறிவிப்பே வெளியிட்டது. வருமானம் வற்றிய நிறுவனத்தில் முதலில் யார் காய்வார்கள்? வகுப்பு எடுக்கிற ஆசிரியருக்குச் சம்பளம் நின்றால் வகுப்பு நின்றுவிடும். ஓய்வு பெற்றவரின் பணம் நின்றால் எதுவும் நிற்காது, எனவே அது காத்திருக்கலாம். பல்கலைக்கழக ஓய்வூதியர்கள் நிலுவை கேட்டு வாயிலில் உட்கார்ந்ததன் பின்னணி இதுதான்.

நேரடி அரசு ஊழியர் கதைக்கும் இதே வேர்தான். பறிக்கப்பட்ட ஓய்வூதியச் சலுகைகளைக் கேட்டு 2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜெயலலிதா அரசு எஸ்மா சட்டத்தில் சுமார் 1,70,000 பேரை வேலையை விட்டு நீக்கியது. அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் ரங்கராஜன் வழக்கில் தீர்ப்புச் சொன்ன நாள் ஆகஸ்ட் 6. அதே நாள் தேதியிட்ட அரசாணை எண் 259 வழியாக, 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. ஊழியரிடம் பத்து சதவீதம் பிடிப்பார்கள், அரசு பத்து சதவீதம் போடும். மத்திய அரசின் தேசியத் திட்டத்தில் தமிழ்நாடு சேரவில்லை. பணம் எல்.ஐ.சி-யிலும் 91 நாள் கருவூல உண்டியல்களிலும் கிடந்தது. ஓய்வு பெறும்போது ஒரு மொத்தத் தொகை. மாதப் பென்ஷன் கிடையாது, பணிக்கொடை கிடையாது. இதை ஆராய 2016-ல் சாந்தா ஷீலா நாயர் தலைமையில் ஒரு குழு, பிறகு அதே குழு ஸ்ரீதர் தலைமையில், 2018-ல் ஓர் அறிக்கை, 2021-ல் பழைய ஓய்வூதியத்தைக் கொண்டுவருவோம் என்ற தேர்தல் வாக்குறுதி, 2025-ல் ககன்தீப் சிங் பேடி தலைமையில் மறுபடி ஒரு குழு. கடைசியில் 2026 ஜனவரி 3-ல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தார்: கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன், ஊழியரிடம் பத்து சதவீதம், மிச்சம் அரசுடையது. அதற்காக உடனடியாக 13,000 கோடி ரூபாயும், பிறகு ஆண்டுக்குச் சுமார் 11,000 கோடியும் ஓய்வூதிய நிதிக்குப் போட வேண்டியிருக்கும் என்று அறிவிப்பிலேயே சொன்னார்கள்.

இந்த எண்களைச் சொன்னதே பெரிய விஷயம். பழைய திட்டத்தின் கோளாறு அதன் தாராளம் அல்ல. அதற்கென்று எங்கும் ஒரு ரூபாய்கூடச் சேர்த்து வைக்காமல், அந்தந்த வருஷத்து வரிப்பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவந்ததுதான். தமிழ்நாடு பென்ஷனுக்கும் ஓய்வுகாலப் பலனுக்கும் ஆண்டுக்கு நாற்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவழிக்கிறது. மாநிலங்கள் எல்லாம் பழைய திட்டத்துக்குத் திரும்பினால் சுமை புதிய திட்டத்தைப்போல 4.5 மடங்கு வரை போகும் என்று ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. இதை அரசு ஊழியர் சங்கங்களும் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும். சேர்த்து வைக்காத பென்ஷன், வாங்குகிறவருக்கும் பாதுகாப்பில்லாத பென்ஷன்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் பிரிச்சர்ட் என்று ஒரு சின்ன ஊர். அந்த நகராட்சியின் ஓய்வூதிய நிதி 2009-ல் காலியாகிவிடும் என்று 2004-லேயே கணக்கர் எழுதிக் கொடுத்தார். யாரும் அசையவில்லை. சொன்னபடி 2009 செப்டம்பரில் பென்ஷன் நின்றது. தீயணைப்பு வீரர்கள், போலீஸ்காரர்கள் என்று சுமார் 150 பேர் அடுத்த மாதம் வெறும் கையோடு நின்றார்கள். சட்டம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. கல்லாவில் காசு இல்லை. 2013 ஜூலையில் திவாலான டெட்ராய்ட் நகரத்தில் பொது ஊழியர்களின் பென்ஷனில் 4.5 சதவீதம் வெட்டினார்கள், விலைவாசிக்கேற்ற உயர்வை அடியோடு நிறுத்தினார்கள், மருத்துவச் சலுகையின் பெரும்பகுதியைப் பிடுங்கினார்கள். பெயர் மட்டும் வேறு. பஞ்சப்படியும் ஆஸ்பத்திரியும்தான் அங்கேயும் முதலில் போயின. ஒரு வித்தியாசம்: அங்கே நீதிமன்றத்தில் திவால் என்று எழுதி, எல்லாருக்கும் தெரியும்படி வெட்டினார்கள். நம் ஊரில் எந்த அறிவிப்பும் இல்லாமல் எட்டு வருஷம் அதே வேலை நடந்தது.

"பென்ஷன் யாரும் போடுகிற பிச்சை அல்ல, செய்த வேலைக்கான உரிமை" என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17-ல் தீர்ப்புச் சொன்னது. ஓய்வூதியர்கள் அந்தத் தேதியைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். சிதம்பரத்திலும் கடலூரிலும் மண்டபம் பிடித்துக் கூட்டம் நடக்கும். எண்பதைத் தாண்டியவர்களை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்துவார்கள்.

பயணிக்கும் இதில் பங்கு உண்டு. பென்ஷன் நிலுவைக்குப் பயந்த கழகங்கள் பல வருஷம் புதிதாக ஆள் எடுக்கவில்லை; ஓட்டுநர் இல்லாமல் நடை ரத்தானது; சில இடங்களில் ஒப்பந்த நிறுவனம் அனுப்பிய ஓட்டுநர்கள் வந்தார்கள். 2025 மார்ச்சில்தான் 3,274 ஓட்டுநர்-நடத்துநர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ராத்திரி கடைசி பஸ் வராமல் காட்டுமன்னார்கோயில் நிலையத்தில் நிற்பவர்களுக்கு அந்த நிலுவையின் ஒரு துளி விலை வந்து சேர்கிறது.

என்ன செய்யலாம் என்பது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமில்லை, பணிமனையிலேயே இருக்கிற பழக்கம்தான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்று ஓட்டுநர் வாரியாகப் புள்ளி வைத்துக் கணக்கு எழுதுகிறார்கள். குறைந்தால் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். டிக்கெட் மெஷினில் நடைக்கு நடை கலெக்‌ஷன் தெரிகிறது. அதே கண்டிப்போடு, சம்பளத்தில் பிடித்த பணமும் நிர்வாகத்தின் பங்கும் அந்த மாதமே அறக்கட்டளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கோட்டம் வாரியாக மாதாமாதம் வெளியிடலாம். கட்டணத்தை உயர்த்தாமல் இருப்பது அரசின் முடிவு என்றால், அதனால் விழும் துண்டைப் பெண்கள் இலவசப் பயணத்துக்கு எழுதுவதைப்போலவே பட்ஜெட்டில் தனி வரியாக எழுதி, அந்தந்தக் காலாண்டில் கொடுக்கலாம். பாக்கி நிற்கும் பஞ்சப்படிக்கு ஒரு தவணை அட்டவணை போட்டு, வயதில் மூத்தவர்களிலிருந்து தொடங்கலாம். எண்பது வயதுக்காரருக்கு ஐந்து வருஷத் தவணை போடுவதில் அர்த்தமில்லை. அவருக்கு இந்த வருஷமே கொடுக்க வேண்டும்.